தேள்கடியையும் கணக்கில் எடுங்கள்: பொது சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கும், மாநிலத்தின் மாநகராட்சி, நகராட்சி ஆணையர்களுக்கும்,

வணக்கம்.

2024 நவம்பரில், 1939ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தின்கீழ், பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் அரசு சேர்த்தது. அதுவரை பாம்பு கடித்து எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற விவரம் பெரும்பாலும் அந்தந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டோடு நின்றுவிடும். இப்போது அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் சொல்லியாக வேண்டும். நல்ல காரியம். ஆனால் அது பாம்புக்கு மட்டும். தேள்கடியையும் அதே பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். டாக்டர் இல்லை. ஆனால் மருந்துக் கவுன்டருக்கு உள்ளே நின்று காலம் தள்ளியவனுக்குச் சில விஷயங்கள் தெரியும். எந்த மருந்து மாதம் முடிவதற்குள் தீர்ந்துபோகிறது, எது அலமாரியிலேயே கிடந்து காலாவதியாகிறது, எது இன்டென்டிலேயே, அதாவது நாங்கள் மருந்து கேட்டு எழுதும் பட்டியலிலேயே, இருப்பதில்லை. நான் பேசப்போவது அந்த மூன்றாவது வகையைப் பற்றி.

இப்போது குடியிருப்பது தாம்பரத்துக்குத் தெற்கே, ஜிஎஸ்டி சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு புது நகரில். பெயர்ப்பலகையில்தான் நகர். அதற்கு முன்பு வேர்க்கடலை போட்ட மேட்டு நிலம். பாதி மனைகளில் வீடு வந்துவிட்டது, மீதி மனைகளில் சீமைக் கருவேல். இரண்டுக்கும் நடுவே செங்கல் அடுக்கு, ஜல்லிக் குவியல், சென்ட்ரிங் பலகை, எங்கேயோ இடித்த வீட்டின் சுவரை லாரியில் கொண்டுவந்து கொட்டிய மேடு. தேள் குடியிருக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. பகலில் ஒதுங்க இருட்டு இடுக்கு, ராத்திரி தின்னக் கரப்பான்பூச்சி. மனிதர்களுக்குத்தான் இன்னும் பாதாளச் சாக்கடை வந்து சேரவில்லை.

தேள்கடி என்றாலே வயக்காட்டு விஷயம், கிராமத்து விஷயம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அதிகாரிகளுக்கும் இருக்கிறது என்றே படுகிறது. நகரம் எந்த விளிம்பில் விரிகிறதோ அந்த விளிம்பில்தான் தேளும் மனிதனும் ஒரே சுவரைப் பங்கு போடுகிறார்கள். செங்கல்பட்டு, ஓசூர், சேலம், திருச்சி என்று எந்த ஊரின் புறநகரை எடுத்தாலும் இந்தக் காட்சி மாறாது.

ஒரு மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் எதிர் மனையில் வீடு கட்ட வந்த மேஸ்திரி, குடும்பத்தோடு தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார். ஆறு வயதுப் பெண் குழந்தை. ஹாலோ பிளாக் அடுக்கை ஒட்டிப் பாய் விரித்துப் படுத்திருந்தாள். ராத்திரி ஒன்பது மணிவாக்கில் கால் பெருவிரலில் கொட்டியது. பக்கத்துக் கொட்டகைப் பெரியவர் புளியங்கொட்டையைத் தரையில் சூடு பறக்கத் தேய்த்து ஒட்டவைத்தார். பக்கத்தில் இருக்கும் நகர்ப்புற நலவாழ்வு மையம் எட்டு மணிக்கே பூட்டியாகிவிட்டது. அப்புறம் ஒரு தனியார் கிளினிக்குக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே அலர்ஜிக்குப் போடும் அவில் ஒன்று, டெக்சா என்ற ஸ்டீராய்டு ஒன்று என இரண்டு ஊசி போட்டு, காலையில் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள்.

என்னை எழுப்பியபோது பிள்ளை அழவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. கவுன் முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். கையைத் தொட்டேன், அந்தப் புழுக்கத்திலும் ஜில்லென்று இருந்தது. 108இல் ஏற்றி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கேஷுவாலிட்டியில் இருந்த இளம் பெண் டாக்டர், கொட்டிய விரலைப் பார்க்கக்கூட இல்லை. உள்ளங்கையையும் முழங்காலையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், பிரசோசின் எடுங்க" என்றார். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை அது. அங்கே இருந்தது, கொடுத்தார்கள். விடியும்வரை மணிக்கொரு தடவை நாடி, ரத்த அழுத்தம், கை சூடு. மறுநாள் சாயங்காலம் அந்தப் பிள்ளை இட்லி கேட்டாள்.

அந்த ஆம்புலன்ஸ் பயணத்தில் நெரிசல் இருந்திருந்தால்? அந்த டாக்டர் அன்று பணியில் இல்லாமல் போயிருந்தால்? ஒரு பிள்ளையின் உயிர் இப்படி அதிர்ஷ்டத்தில் தொங்கக் கூடாது என்பதற்குத்தானே உங்கள் துறை.

நோயைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கவேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜனங்கள் பயந்து நடுங்குவது நட்டுவாக்காலிக்கு. கருப்பாக, பெரிதாக, முன்னிடுக்கி தடித்துப் பார்க்கவே பயங்கரமாக இருக்கும். கொட்டினால் வலிக்கும், ஆனால் ஆளைக் கொல்வது அரிது. உயிருக்கு உலை வைப்பது அதைவிடச் சின்னதான செந்தேள். செம்மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம், மஞ்சள் கால், மெலிந்த இடுக்கி, தடித்த வால். இடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் அதுதான் ஆபத்தானது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காக அடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்றில்லை.

செந்தேளின் விஷம் நரம்புகளில் சோடியம் நுழையும் வாசல்களை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடுகிறது. நரம்பு மண்டலம் கட்டுப்பாடில்லாமல் முடுக்கிவிடப்படும். முதலில் வாந்தி, எச்சில், கொட்டும் வேர்வை. அப்புறம் அட்ரினலின் வகையறா ரத்தத்தில் பெருக்கெடுத்து, ரத்தக் குழாய்கள் இறுகி, கை கால் சில்லிட்டு, இதயம் தள்ளமுடியாமல் திணறி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். தேள் ஆள் பார்த்து அளந்து விஷம் இறக்குவதில்லை. சின்ன உடம்பில் அதே விஷம் அதிகம் வேலை செய்யும், அதனால்தான் சாவது பெரும்பாலும் குழந்தைகள். இதில் ஒரு விசித்திரம்: வலியில் கத்தித் துடிப்பவருக்கு வேர்வையோ வாந்தியோ இல்லையென்றால் பெரும்பாலும் அது வலியோடு போய்விடும். ஐஸ் ஒத்தடம், பாராசிட்டமால், தேவைப்பட்டால் விரலை மரக்கச் செய்யும் ஊசி, சில மணி நேரக் கண்காணிப்பு. வலி பெரிதாக இல்லாமல் வேர்த்து ஊற்றும் பிள்ளையைத்தான் ஓடித் தூக்கவேண்டும். வீட்டில் இருப்பவர்கள் இதை நேர்மாறாகப் புரிந்துகொள்கிறார்கள். அழுகையை நிறுத்தியதும் விஷம் இறங்கிவிட்டது என்று நினைத்துத் தூங்கவைத்துவிடுகிறார்கள்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தது எங்கோ வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் இல்லை. மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில் மஹாட் பக்கம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒரு டாக்டர், ஹிம்மத்ராவ் பவாஸ்கர். 1970களின் நடுவில் அங்கே போனவர், தேள் கொட்டி நுரையீரலில் நீர் கோத்து மனிதர்கள் சாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், குறித்துவைத்தார், 1982இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். பிறகு ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்துவந்த பிரசோசின் என்ற சாதாரண மாத்திரையைத் தேள்கடிக்குப் பயன்படுத்திக் காட்டினார். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் 100க்கு 40 பேர் வரை செத்துக்கொண்டிருந்தது, நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது கொடுத்தோம் சரி, மாத்திரை எங்கே?

என் கேள்வி இவ்வளவுதான். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நலவாழ்வு மையங்களிலும் இன்று ராத்திரி போய்ப் பார்த்தால், 1 மில்லிகிராம் சாதா பிரசோசின் மாத்திரை பத்தாவது இருக்குமா? "சாதா" என்று அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. மருந்துக் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 2.5, 5 மில்லிகிராம் அளவில் வரும் மெதுவாகக் கரையும் வகை. அது ரத்த அழுத்தக்காரருக்கு. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்படி செய்தது. தேள் கொட்டிய பிள்ளைக்கு அது உதவாது. அதை உடைத்தும் கொடுக்கக்கூடாது. பிள்ளைக்குத் தேவை கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், அதாவது பத்து கிலோ குழந்தைக்கு 0.3 மில்லிகிராம், உடனே வேலை செய்யவேண்டும், நிலைமையைப் பார்த்து மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும். கொடுத்த பிறகு பிள்ளையைத் தூக்கி நிறுத்தக்கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும், படுத்தே இருக்கவேண்டும். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் அச்சடித்து ஊசி போடும் அறையில் ஒட்டிவிடலாம். இது டாக்டரும் நர்ஸும் இருக்கும் இடத்தில் கொடுக்கவேண்டிய மருந்து, வீட்டில் வாங்கிவைத்துக் கொடுப்பது இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தேள்விஷ முறிவு மருந்தும் நம் நாட்டிலேயே தயாராகிறது, மும்பை ஹாஃப்கின் நிறுவனத்தில். பவாஸ்கர் தம்பதி 70 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. முறிவு மருந்தும் பிரசோசினும் சேர்த்துக் கொடுத்த 35 பேரில் 32 பேர் பத்து மணி நேரத்துக்குள் தேறினார்கள். பிரசோசின் மட்டும் கொடுத்தவர்களில் 8 பேர். புதுச்சேரி ஜிப்மரிலும் குழந்தைகளை வைத்து இதேபோல் ஆய்வு செய்து, சேர்த்துக் கொடுப்பதால் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று கண்டார்கள். நம் விழுப்புரம், கடலூர்ப் பிள்ளைகள் போய்ச் சேரும் ஆஸ்பத்திரி அது. முறிவு மருந்தைப் பெரிய மருத்துவமனைகளிலாவது வையுங்கள். சிறிய இடங்களுக்கு முதலில் மாத்திரை போகட்டும்.

ஏன் போகவில்லை என்று கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் இது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கிலிருந்து மருந்து எடுப்பதற்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் பாஸ்புக் உண்டு, ஒதுக்கீடு உண்டு. போன வருடம் எவ்வளவு செலவானது என்று பார்த்துத்தான் இந்த வருடம் எழுதுவோம். தேள்கடி கேஸ் பதிவில் இல்லையென்றால் இன்டென்டில் மாத்திரை இல்லை. மாத்திரை இல்லையென்றால் வருகிற நோயாளியை முதலுதவியோடு மேலே அனுப்பிவிடுவார்கள். அனுப்பிவிட்டால் அங்கே கேஸ் பதிவாகாது. ஆக அந்த நிலையத்தின் கணக்கில் அடுத்த வருடமும் தேள்கடி பூஜ்யம். பூஜ்யத்துக்கு யார் மருந்து வாங்குவார்கள்?

பதிவு செய்தாலும் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? தேளைக் கண்ணால் பார்க்காத நோயாளி என்றால் "அன்நோன் பைட்", அதாவது எது கடித்தது என்று தெரியாத கடி. சில இடங்களில் "பூச்சிக்கடி". இருட்டில் கொட்டிவிட்டு இடுக்கில் போய்விடும் ஒன்றை யார் பார்ப்பார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலில் தேள்விஷத்துக்கு டி63.2, தேளால் நேர்ந்த விபத்துக்கு எக்ஸ்22 என்று தனித்தனியே எண் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அதைத் தட்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது. தட்டச் சொல்லி ஆணை வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணுவதால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் பிரேசிலைப் பார்க்கலாம். அங்கே விஷ ஜந்துக்கள் கடித்தால் கட்டாயம் தெரிவிக்கவேண்டும், தேளும் அதில் அடக்கம். அதனால்தான் தேள்கடி அங்கே நகரத்துப் பிரச்சினை ஆகிவிட்டது என்று அவர்களுக்குத் தெரிகிறது. ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் பதிவாகிறது, பாம்புக்கடியைவிடப் பல மடங்கு. அங்கே மஞ்சள் தேள் ஒன்று இருக்கிறது. பெண் தேள் ஆண் துணையே இல்லாமல் குட்டி போடும். ஒரே ஒரு தேள் செங்கல் லாரியில் ஏறி ஒரு புது ஊருக்குப் போனால் போதும், சாக்கடையில் கரப்பான்பூச்சியைத் தின்று வம்சம் பெருக்கிவிடும். நல்லவேளை, நம் செந்தேளுக்கு அந்த வித்தை தெரியாது. ஆனால் சாக்கடையும் கரப்பானும் லாரியும் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன.

எகிப்தின் அஸ்வான் நகரில் 2021 நவம்பரில் ஒரே இரவில் பேய்மழை கொட்டியது. வளைகளில் இருந்த தேள்கள் வீடுகளுக்குள் ஏற, 500க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்கு ஓடினார்கள். அவர்களிடம் முறிவு மருந்து இருப்பு இருந்தது. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழைக்கு வருடா வருடம் படகு, மோட்டார், மணல் மூட்டை என்று பட்டியல் போடுகிறீர்கள். அந்தப் பட்டியலில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

இனி ஆணையர்களுக்கு. மருந்தெல்லாம் தேள் கொட்டிய பிறகான கதை. வருமுன் செய்யவேண்டியது உங்கள் கையில் இருக்கிறது. கட்டட இடிபாட்டுக் கழிவுக்கு 2016லிருந்து தனி விதிகள் உண்டு. ஆனால் காலி மனையில் ராத்திரி கொட்டிவிட்டுப் போகும் லாரியை நிறுத்துவதற்கு ஆள் இல்லை. எங்கள் நகரில் புகார் கொடுக்கலாமே என்றேன். ஒருவரும் வரவில்லை. பாதி மனைகளுக்கு முறையான அங்கீகாரம் கிடையாது. புகார் என்று போனால் முதலில் தங்கள் வீட்டு வரைபடத்தைத்தான் கேட்பார்கள் என்ற பயம். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல, நிஜமாகவே தேள் கொட்டியும் வாய் திறக்கமுடியாமல் இருக்கிறார்கள். இவர்கள் திருடர்கள் இல்லை, சேமிப்பை எல்லாம் போட்டு மனை வாங்கி ஏமாந்தவர்கள். அங்கீகாரக் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், குப்பைமேட்டை அள்ள அது தடையாக வேண்டாம்.

மருந்தடிப்பதைப் பற்றியும் ஒன்று. தேள் என்றதும் கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டியை அனுப்பாதீர்கள். பிரேசில் சுகாதார அமைச்சகத்தின் கையேடு ரசாயனத் தெளிப்பைப் பரிந்துரைப்பதில்லை. தேள் சாவதற்குப் பதில் இடுக்கைவிட்டு வெளியே வந்து சிதறும், அதனால் கடி அதிகமாகும் ஆபத்து உண்டு. குவியலை அகற்றுவது, சுவர் விரிசலைப் பூசுவது, சாக்கடை வாய்க்கு வலை போடுவது, கரப்பானைக் குறைப்பது, இவைதான் வேலை செய்யும். போட்டோவில் அழகாக வராது, தெரியும்.

தேளைக் கண்டுபிடிப்பது சுலபம் என்பது பலருக்குத் தெரியாது. புற ஊதா ஒளி பட்டால் அதன் மேல்தோல் பச்சை நீலமாக ஒளிரும். கள்ள நோட்டு பார்ப்பதற்கு விற்கும் சின்ன டார்ச் போதும். எதிர் மனைச் செங்கல் அடுக்கில் ஒரு ராத்திரி நானும் மேஸ்திரியும் அடித்துப் பார்த்தோம். பகலில் ஒன்றுமே இல்லாத அடுக்கில் அங்கங்கே மினுமினுப்பு, ஒன்று வாலை மடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. மேஸ்திரி மறுபேச்சு இல்லாமல் அன்றைக்கே பாயை எடுத்துக்கொண்டு கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மொட்டை மாடிக்குப் போய்விட்டார். கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வரும் பணியாளர்களிடம், வார்டுக்கு இரண்டு டார்ச் கொடுத்து, பருவமழைக்கு முன் ஒரு முறை சந்தேகமான இடங்களைப் பார்க்கச் செய்யலாம். காலுக்கு ஷூ, கைக்குத் தடித்த உறை, இரவு வேலைக்குத் தனிப்படி. வெறுங்கையோடு அனுப்பிவிடாதீர்கள்.

கட்டடம் கட்ட வந்திருக்கும் ஒடியாக்காரருக்கும் பிகாரிக்கும் நம் தமிழ் நோட்டீஸ் பிரயோஜனப்படாது. தகரக் கொட்டகையில், தரையில் பாய் விரித்துப் படுப்பது அவர்கள்தான், ஆணியில் தொங்கும் சட்டையை உதறாமல் போட்டுக்கொண்டு விடியற்காலை வேலைக்குக் கிளம்புவதும் அவர்கள்தான். வேலை நடக்கும் இடத்தில் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் நாலு வரி, ஒரு படம், 108 என்ற எண். இரும்புக் கட்டிலாவது கொடுக்கவேண்டும் என்று ஒப்பந்தக்காரரிடம் கட்டட அனுமதி கொடுக்கும்போதே எழுதி வாங்கலாம்.

உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் பேரைத் தேள் கொட்டுகிறது, 3,250 பேர் சாகிறார்கள் என்று 2008இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் செங்கல்பட்டு மாவட்டத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் உங்கள் அலுவலகத்தில் யாராலும் ஒரு எண் சொல்லமுடியுமா? முடிந்தால் தயவுசெய்து வெளியிடுங்கள், நான் சந்தோஷமாக வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

முடியாதென்றால், கேட்பது இவ்வளவுதான். பாம்புக்கடி ஆணைக்கு ஒரு திருத்தம் போட்டுத் தேள்கடியைச் சேருங்கள். "அன்நோன் பைட்" என்று எழுதும்போது வேர்வை, வாந்தி, கை கால் சில்லிப்பு மூன்றும் இருந்ததா என்று ஒரு கட்டம் வையுங்கள். ராத்திரி திறந்திருக்கும் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும், 108 வண்டிகள் முதலில் நிற்கும் இடங்களுக்கும் சாதா பிரசோசின் 1 மில்லிகிராம் போகவேண்டும். எட்டு மணிக்குப் பூட்டும் மையங்களின் கதவில், பூட்டிய பிறகு எங்கே போகவேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். தனியார் கிளினிக்குகளுக்கு அவில், டெக்சா ஊசியால் இதற்குப் பலன் இல்லை என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

வருகிற காலாண்டு இன்டென்ட் போவதற்கு முன் ஆணை வந்தால், மழை தொடங்குவதற்குள் மாத்திரை அலமாரிக்கு வந்துவிடும். மருந்தாளுநர்களுக்கு ஒரு வரி போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர்,
செங்கல்பட்டு மாவட்டம்